முன்தண்டு வீடு

லூர்துவுக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். வாய் அதற்கப்புறம்தான் வந்து சேரும். அரியமங்கலத்தில் அவர் வைத்திருக்கும் லேத் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு அறை வாங்காமல் போனவர் யாருமில்லை. வாங்கியவர்களும் மறுநாள் காலை ஒன்றும் நடக்காத மாதிரி வேலைக்கு வந்து நிற்பார்கள். அவருடைய தம்பி கோவிலுக்காக உயிரை விட்ட வேதசாட்சி ஆயிற்றே. வேதசாட்சியின் அண்ணன் கையால் அடிவாங்கியதை யாராவது வெளியில் சொல்லி வைப்பார்களா?

தம்பி சவரிராஜின் படம் கோவில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், திருவிழாச் சப்பரம் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது, அதில் இருந்த புனிதர் சொரூபத்தை உடைக்க வந்தவனைக் குறுக்கே நின்று தடுத்து, மண்டை பிளந்து செத்துப்போனான் என்பது கதை. முதல் வருஷம் கதையில் உடைக்க வந்தவன் ஒருத்தன். மூன்றாம் வருஷத் திருவிழா மலரில் மூன்று பேர். போன வருஷம் வெளியூரிலிருந்து பிரசங்கத்துக்கு வந்த சாமியார் ஒரு கும்பலையே கொண்டுவந்து இறக்கிவிட்டார். லூர்து எதையும் திருத்தவில்லை. கதை பெருகப் பெருக அவர் முன்வரிசை நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உண்மையில் என்ன நடந்தது என்று மூன்று பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் லூர்து.

அந்தக் கோவில் பங்கில் மானம் மரியாதை எல்லாம் சப்பரத்தின் முன்தண்டில்தான் இருக்கிறது. பின்தண்டை வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் தூக்கலாம். முன்தண்டு மூன்று தலைமுறையாக லூர்து வீட்டுத் தோளுக்கு உரியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் சப்பரத்துக்குப் பின்னால் நடக்கலாம், நேர்த்திக்கு உப்பும் மிளகும் போடலாம், தண்டைத் தொடக்கூடாது. எழுதாத சட்டம், ஆனால் எழுதியதைவிடக் கெட்டியானது. அன்று பொழுது மங்கும் நேரத்தில் சவரிராஜ் என்ன செய்தான் என்றால், வாய்க்கால் பக்கத்து இன்னாசியைக் கூப்பிட்டுத் தன் இடத்தில் நிறுத்திவிட்டான். "இவரு வீட்ல பிள்ளைக்கு உடம்பு சரியாயிடுச்சுண்ணே, நேர்த்திக்கடனாம். இன்னைக்கு ஒரு நாளு தூக்கட்டும்" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னான். அந்தச் சிரிப்புதான் லூர்துவுக்குத் தாங்கவில்லை.

சப்பரத்தைக் கீழே நிறுத்த முட்டுக்கட்டை கொடுப்பார்கள். நெஞ்சு உயரம், உச்சியில் கவட்டை, இரும்புப் பூண் போட்ட தேக்கு. தூக்குகிற நேரத்தில் கட்டையை உருவிக்கொண்டு எல்லோரும் தண்டுக்கடியில் குனிந்து தோள் கொடுப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் ஒருத்தர் கண்ணும் ஒருத்தரைப் பார்க்காது. லூர்து கட்டையை உருவினார். இன்னாசியின் பிடரிக்கு ஓங்கினார். சவரிராஜ் நடுவில் பாய்ந்தான். பூண் அவன் பொட்டில் இறங்கிய சத்தம், இரும்பில் சம்மட்டி விழுகிற சத்தம் மாதிரி இல்லை. தேங்காய் உடைகிற மாதிரி இருந்தது. இரண்டாவது தடவையும் ஓங்கினார் என்பதுதான் லூர்துவால் இன்றுவரை நினைக்க முடியாத விஷயம். கோபத்தில் ஆள் மாறியதே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

குனியாமல் நின்ற ஒரே ஆள் டியூப்லைட் வண்டி தள்ளிவந்த பிச்சமுத்து. திருவானைக்காவலில் குடியிருந்த லைட் செட்டுக்காரர். வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து லூர்துவின் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கினார். மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது ரத்தம் சொட்டும் கட்டை அவர் கையில் இருந்தது. லூர்து வாயிலிருந்து இரண்டே வார்த்தைகள் வந்தன.

"இவன்தான். இவன்தான்."

மிச்சத்தைக் கூட்டம் செய்தது. மிதித்தார்கள். பிச்சமுத்துவின் இடது கையைச் சப்பரத் தண்டின் மேல் வைத்து, அதே முட்டுக்கட்டையால் முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைத்தார்கள். இன்னாசி மறுநாளே குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான். கோர்ட்டில் லூர்து அந்த இரண்டு வார்த்தையையே, சொரூபத்தை உடைக்க வந்தவன் என்று சேர்த்து, சாட்சியமாக நீட்டிச் சொன்னார். பிச்சமுத்து ஏழு வருஷம் உள்ளே இருந்தார்.

இந்த வருஷத் திருவிழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு, கோவில் முற்றத்துப் பந்தலில். தலைப்பைப் பெரிய ஃப்ளெக்ஸில் போட்டிருந்தார்கள். ஆதித் திருச்சபை வளர்ந்தது வேதசாட்சிகளின் ரத்தத்தாலா, சாதாரண விசுவாசிகளின் தொண்டாலா? நடுவர் ஜேக்கப். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பங்குப் பேரவைச் செயலாளரும் அவர்தான். ரத்தத்தின் பக்கம் பிரான்சி டீச்சர். தொண்டின் பக்கம் கிளமென்ட். லூர்துவின் மகள் லின்சியைக் கட்டியவன், கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். வெளியூர்ப் பையன், கல்யாணமாகி இந்தப் பங்குக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. மருமகன் மேடையில் பேசுவதில் லூர்துவுக்குப் பெருமைதான். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். குத்துவிளக்கு ஏற்றுவதற்காக மேடைக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டவர், ஏற்றிவிட்டு அப்படியே முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

பிரான்சி டீச்சர் பிய்த்து உதறினார். நீரோ காலத்தில் ரோமாபுரியில் விசுவாசிகளைக் கம்பத்தில் கட்டி எரித்ததை, சிங்கத்துக்குப் போட்டதை, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பந்தலில் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். "அவ்வளவு தூரம் எதுக்குங்க போகணும்" என்று கொடிமரத்தின் பக்கம் கையை நீட்டினார். "நம்ம சவரிராஜ் அண்ணன் சிந்துன ரத்தத்துக்கு அப்புறம்தானே இந்தப் பங்குல பூசைக்குக் கூட்டம் பெருகுச்சு." கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. லூர்துவும் தட்டினார்.

கிளமென்ட் சத்தம் போடாமல் ஆரம்பித்தான்.

"டீச்சர் சொன்னது பொய்யில்லைங்க. ரத்தம் சிந்தினாங்க, மறுக்கல. ஆனா முந்நூறு வருஷமும் தினம் சிந்தல. விட்டு விட்டு நடந்துச்சு, சில ஊர்ல நடந்துச்சு. நாம படிக்கிற நிறைய வேதசாட்சிக் கதைங்க, அவங்க செத்து நூறு வருஷம் இருநூறு வருஷம் கழிச்சு எழுதினது. எழுத எழுத அடிச்சவங்க எண்ணிக்கை கூடும். ஒருத்தன் மூணு பேராவான், மூணு பேரு கும்பலாவான்."

லூர்துவின் முதுகு நாற்காலியிலிருந்து விலகியது.

"நாங்க வகுப்புல பசங்களுக்கு மூணு கேள்வி சொல்லித் தருவோம். இந்தக் கதைய முதல்ல சொன்னது யாரு? சம்பவம் நடந்தப்ப அவரு எங்க நின்னாரு? இந்தக் கதையால யாருக்கு மரியாதை கூடுச்சு? இந்த மூணும் கேட்டா பாதிக் கதை நிக்காது."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ, லூர்துவுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. இவனுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? வாரா வாரம் ஸ்ரீரங்கத்துக்குக் கல்வெட்டுப் பார்க்கப் போகிறேன் என்று போகிறானே, அங்கே போய்க் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். ஜெயிலிலிருந்து வந்த பிச்சமுத்து இப்போது ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் செருப்புக் காவல் கடை வைத்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அதற்கப்புறம் லூர்து அந்தத் தெருவையே மிதித்ததில்லை. கேட்டுவிட்டு வந்து, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், ஊரைக் கூட்டி வைத்துச் சொல்கிறான்.

பாவம், கிளமென்ட்டுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவன் பாட்டுக்கு ரோமாபுரியில் இருந்தான். "அந்தக் காலத்துல பெரிய கொள்ளைநோய் வந்துச்சுங்க. பெத்தவங்களையே போட்டுட்டு ஓடினாங்க. அப்ப ஓடாம நின்னு, யாரு எவருன்னு கேக்காம, தண்ணி குடுத்து, செத்தவங்களப் புதைச்சது நம்ம ஆளுங்க. அடிமைய பக்கத்துல உக்கார வச்சு ஒரே அப்பத்தப் பிட்டுத் தின்னாங்க. தன் இடத்த இன்னொருத்தனுக்கு விட்டுக் குடுத்தாங்க. சபை வளர்ந்தது அதுலதான்."

தன் இடத்தை விட்டுக் கொடுத்தார்கள். லூர்துவின் காதுக்குள் ரத்தம் குதித்தது. முன்தண்டைச் சொல்கிறான்.

"சவரிராஜ் சித்தப்பா விஷயம் அப்படி இல்லைங்க" என்று கிளமென்ட் மேடையிலிருந்து இறங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. மாமனாரைக் கௌரவிக்கிற நினைப்பு அவனுக்கு. "அதுக்குக் கண்ணால பாத்த சாட்சி இருக்கு, நம்ம முன்னாடியே உக்காந்திருக்காரு. பன்னெண்டு வருஷமா மத்தவங்கதான் சொல்றாங்க, மாமா வாயால நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்ல. மாமா, நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

மைக்கை ஸ்டாண்டோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான்.

லூர்து எழுந்தார். முதல் குத்து கிளமென்ட்டின் வாயில் விழுந்தது. பல்லும் ரத்தமும் பட்டு வேட்டியில் தெறித்தன. இரண்டாவது கன்னத்து எலும்பில். அவன் "மாமா" என்று சொல்ல வந்த பாதி வார்த்தை வெளியில் வரவில்லை. மைக் ஸ்டாண்டைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, அடிப்பக்கத்து இரும்புத் தட்டால் ஓங்கி அடித்தார். தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கிளமென்ட் மேடைப் படியில் மல்லாந்து விழுந்தான். தடுக்க வந்த ஒருவரின் மூக்கில் முழங்கை பட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகள் சரிய, குழந்தைகள் வீறிட, லூர்து மருமகனின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்.

"யார்ரா உனக்குச் சொன்னது? பிச்சமுத்துவா? அவன் சொன்னா நீ மேடைல ஏறிச் சொல்லிருவியா?"

மைக், ஸ்டாண்டிலிருந்து கழன்று, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் உயிரோடு கிடந்தது. கொடிமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் நான்கும் வாய்க்கால் வரைக்கும் அவர் மூச்சு வாங்குவதைக் கொண்டுபோயின.

"நான் சவரிய அடிக்கணும்னு அடிக்கலடா. இன்னாசிக்குத்தான் ஓங்கினேன். அந்தப் பய ஏன்டா குறுக்க வந்தான்? முன்தண்ட தூக்கிக் குடுத்துட்டு, அவனுக்காகச் சாகவும் வந்தான். நான் என்னடா பண்ணுவேன்?"

சொல்லி முடித்த பிறகுதான், தன் குரல் தெருக்கோடியிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டார். கீழே கிடந்தவனின் ஒரு கண் மூடியிருந்தது. திறந்திருந்த கண்ணில் திகைப்பு மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்த நொடியில் லூர்துவுக்குப் புரிந்துவிட்டது. இவனுக்கு எதுவும் தெரியாது. யாரும் இவனிடம் எதுவும் சொல்லவில்லை.

லின்சி ஓடிவந்து அப்பாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக. புருஷனின் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். "போங்க, கண்ணு முன்னாடி நிக்காதீங்க" என்றாள். அழாமல் சொன்னாள்.

லூர்து போனார். யாரும் தடுக்கவில்லை. வண்டியை எடுத்ததும், காவிரிப் பாலத்தில் ஏறியதும் அவர் நினைவில் இல்லை. ஆற்றில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. ஹேண்டில்பாரில் இருந்த கைமுட்டிகளில் தோல் உரிந்து, அவருடைய ரத்தமும் மருமகன் ரத்தமும் ஒன்றாகக் காய்ந்திருந்தன.

ஸ்ரீரங்கத்தில் வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. செருப்புக் கடையில் பிச்சமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வளைந்த இடது கையை மடியில் போட்டுக்கொண்டு, வலது கையால் ஒரு குடும்பத்துக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும் தலையைத் தூக்காமல் கீழே பார்த்தார்.

"வெறுங்காலா வந்திருக்கீங்க. அப்ப டோக்கன் வேணாம்" என்றார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சொல்லிட்டேன்" என்றார் லூர்து. "கோவில்ல, எல்லார் முன்னாடியும், மைக்ல. நான்தான் அடிச்சேன்னு சொல்லிட்டேன்."

"நீயா சொன்னியா? தானா வந்து விழுந்துச்சா?"



பிச்சமுத்து எழுந்து, பலகைத் தட்டிலிருந்து கைக்கு அகப்பட்ட ஒரு ரப்பர் செருப்பை எடுத்தார். ஆற அமர எடுத்தார். லூர்துவின் வலது கன்னத்தில் அடித்தார். இடது கன்னத்தில் அடித்தார். பிறகு வாயில், இரண்டு வார்த்தை வந்த அந்த வாயில், உதடு கிழியும் வரைக்கும் அடித்தார். தரிசனத்துக்குப் போகிற சனம் நின்று வேடிக்கை பார்த்தது. லூர்துவின் பெரிய கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒருவர் அடித்து அவர் வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அடித்து முடித்ததும் பிச்சமுத்து செருப்பைத் துண்டால் துடைத்தார். நம்பரைப் பார்த்தார். எழுபத்தி நாலு. அதன் ஜோடிக்குப் பக்கத்திலேயே ஒழுங்காக வைத்தார்.

லூர்துவின் சட்டைப்பையில் போன் அடித்தது. லேத் இரைச்சலில் காது மந்தமாகிப் போனதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஜேக்கப்.

"எங்க இருக்கீங்க லூர்து? பதறாதீங்க. கிளமென்ட்ட தில்லை நகர்ல ஆஸ்பத்திரில சேத்தாச்சு. தாடை உடைஞ்சிருக்கு, உயிருக்கு ஒண்ணும் இல்ல. பேரவைல நாங்க உக்காந்து பேசிட்டோம். படில கால் தடுக்கி விழுந்துட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டோம். நீங்க பேசினதப் பத்திக் கவலப்படாதீங்க. வெயிலு, காலைலேர்ந்து உபவாசம், தம்பி நெனப்பு வந்து கலங்கிட்டாருன்னு சனங்ககிட்ட சொல்லிக்கலாம். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"நான் சொன்னது நிஜம் சார்."

"இருக்கட்டும். அத விடுங்க. சவரிராஜ் பேருல தெருமுனைல சிலுவை வச்சு ஒரு குருசடி கட்டலாம்னு வேற தீர்மானம் ஆயிருக்கு. முன்தண்டு எப்பவும் உங்க வீட்டுக்குத்தான். நீங்க ஒருத்தர் இப்ப வேற கதை சொன்னா யாரு நம்புவா? சாயந்தரம் சப்பரத்துக்கு வந்துருங்க."

போன் ஓய்ந்தது. பிச்சமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நானும் ஒருத்தன்தான் சொன்னேன்" என்றார்.

லூர்து மதில் நிழலில் உட்காரப் பார்த்தார், உட்காரவில்லை. ஒரு மணி நேரத்தில் கதை தைத்து மூடியாகிவிட்டது. அவர் சும்மா இருந்தால் போதும். பன்னிரண்டு வருஷமாகச் செய்த அதே வேலை. சாயந்தரம் தோளில் முன்தண்டு ஏறும். மருமகன் தேறி வருவான். அவனும் ஒரு நாள், வாய் கோணிப்போனது படியில் விழுந்ததால் என்று மாணவர்களிடம் சொல்வான்.

மறுபடி போன் அடித்தது. லின்சி.

"கிளமென்ட்டால பேச முடியல. வாயக் கட்டிட்டாங்க. போலீஸ் வந்து பக்கத்துல நிக்குது. ஜேக்கப் சார் ஒரு பேப்பர் குடுத்துக் கையெழுத்து போடச் சொல்றாரு. இவரு போட மாட்டேங்கிறாரு." அவள் குரல் அங்கே ஒரு தடவை உடைந்து சேர்ந்தது. "நோட்டுல எழுதிக் காட்டுறாரு. மாமாகிட்ட கேளு, நான் தடுக்கி விழுந்தேனான்னு. நீங்க என்ன சொல்றீங்களோ அதையே எழுதிக் குடுத்துடறாராம். என்னப்பா எழுதட்டும்?"

கல் தரை லூர்துவின் உள்ளங்காலைச் சுட்டது. தம்பி ஏன் குறுக்கே வந்தான் என்று தான் கேட்ட கேள்விக்கு, கிளமென்ட் மேடையிலேயே பதில் சொல்லிவிட்டான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் இடத்தை விட்டுக் கொடுத்தார்கள் என்றானே, சவரிராஜ் அப்படிப்பட்டவன். கும்பலும் சொரூபமும் இல்லாமலே அவன் பெரிய ஆள்தான். அதை ஊருக்குச் சொல்ல முடிந்த ஒரே அண்ணன், அவனைப் பொய்க்குள் போட்டுப் புதைத்துவிட்டான். அழுதார். நடுத்தெருவில், உதட்டில் ரத்தம் வழிய, ஐம்பத்தெட்டு வயது மனிதர் வாய்விட்டு அழுதார்.

"நான் அடிச்சேன்னு எழுதச் சொல்லும்மா" என்றார். "இன்னைக்கு அவர அடிச்சதையும், அன்னைக்கு சவரிய அடிச்சதையும் எழுதச் சொல்லு. உன் சித்தப்பா இன்னாசியக் காப்பாத்தப் போய்ச் செத்தான். அதையும் எழுதச் சொல்லு. நான் இங்க ஸ்டேஷனுக்குப் போறேன்."

லின்சி போனை வைத்தாள்.

லூர்து போனைப் பையில் போட்டுக்கொண்டு பிச்சமுத்துவிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்களும் கூட வாங்க. நான் ஒருத்தன் போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க. ரெண்டு பேருமாப் போயிருவோம்."

வாசலில் ஒரு கிழவர் தன் செருப்பைக் கேட்டு டோக்கனை நீட்டிக்கொண்டிருந்தார். பிச்சமுத்து அதை வாங்கி, எழுபத்தி நாலு என்று படித்து, அந்த ஜோடியை எடுத்து அவர் காலடியில் வைத்தார். அப்புறம் லூர்துவைப் பார்த்தார்.

"நான் போயிட்டு வந்தாச்சு" என்றார். "இப்ப நீ போ."

லூர்து கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு ஸ்டேஷன் இருக்கும் பக்கம் நடந்தார்.